சம்ப்: பவளத் தொட்டியின் கீழ்த்தளம்

வீட்டில் வைக்கும் பவளப்பாறைத் தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டின் கதவுகளுக்குள் மறைந்து நிற்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டிக்குச் சம்ப் என்று பெயர். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் தன் எடையாலேயே குழாய் வழியாக இதில் இறங்குகிறது. தடுப்புக் கண்ணாடிகள் பிரித்துவைத்த அறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து கடைசி அறைக்கு வந்ததும், அங்குள்ள பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றிவிடுகிறது. கசடு பிடிப்பது, கரைந்த கரிமப் பொருளை நுரையாக்கி எடுப்பது, மீன் கழிவைப் பாக்டீரியாவைக் கொண்டு சிதைப்பது, சூட்டைத் தணிப்பது, ஆவியாகிப் போன நீரை ஈடுகட்டுவது ஆகிய ஐந்து வேலைகளும் இங்கே நடக்கின்றன. குளிர்நாட்டு நூல்கள் முதலிடம் தரும் ஹீட்டருக்குத் திருநெல்வேலியில் அநேகமாக வேலை இல்லை. அந்த இடத்தை விசிறி எடுத்துக்கொள்கிறது.

கடலில் இந்த வேலைகளுக்குத் தனி அறைகள் கிடையாது. திருநெல்வேலிக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. அங்கே அலை நுரையைக் கரையில் ஒதுக்குகிறது. கடல்புல்லும் பாசியும் நைட்ரேட்டை உறிஞ்சுகின்றன. பாறையின் நுண்துளைகளில் பாக்டீரியா வாழ்கிறது. ஒரு மீனுக்கு அங்கே கிடைக்கும் நீரின் அளவுக்கு எல்லையில்லை. வீட்டிலோ மொத்தமே 300 லிட்டர். இடம் சுருங்கும்போது வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஆழமும் வேகமும் உள்ள அறையை அமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் திட்டுகளிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துவர முடியாது. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. கடல்குதிரையும் அதே பட்டியலில் இருக்கிறது. கடற்கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு என்றாலும் சட்டச் சிக்கல்தான். ஆகவே இங்கே தொட்டிக்குள் அடுக்கப்படும் பாறை, துளைகள் நிறைந்த பீங்கானாலோ நீரில் நன்கு ஊறவைத்த சிமெண்டுக் கலவையாலோ ஆனதாக இருப்பதே முறை. மீனுக்குக் குஞ்சு பொரிப்பகங்கள் உண்டு: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைச் சிறைச்சூழலில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. உயிர்ப்பவளம் வளர்க்க விரும்புவோர், அது எந்த இனம், எந்த ஆவணத்தோடு வந்தது என்பதை வனத்துறையிடம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கீழே வரும் அமைப்பு எல்லா வகைத் தொட்டிக்கும் பொதுவானது.

அளவு எங்கிருந்து வருகிறது

சம்பின் கொள்ளளவைத் தீர்மானிப்பது அது ஓடிக்கொண்டிருக்கும் நேரமல்ல. இரண்டு கெட்ட தருணங்கள் அதைத் தீர்மானிக்கின்றன: மின்சாரம் நின்று மேலே உள்ள நீர் கீழே இறங்கும் தருணம் ஒன்று, வடிகுழாய் அடைத்துக்கொண்டு, கீழே உள்ள நீரைப் பம்பு மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும் தருணம் மற்றொன்று. இரண்டிலும் ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாதபடி கணக்குப் போட்ட பிறகே அறைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உதாரணமாக, மேல்தொட்டியின் உள்ளளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்று கொள்ளலாம். நீர்மட்டம் 46 செ.மீ.-ல் நின்றால் 248 லிட்டர். நீர்ப்பரப்பு 5,400 சதுர செ.மீ. என்பதால், மட்டம் ஒவ்வொரு செ.மீ. இறங்கும்போதும் 5.4 லிட்டர் கீழே வரும். கீழே 90 × 40 × 40 செ.மீ. உள்ளளவில் ஒரு சம்ப். விளிம்புவரை நிறைத்தால் 144 லிட்டர். அதில் ஓடும் நிலையில் ஏறத்தாழ 74 லிட்டர் நீர் நிற்கும்படி தடுப்புகளை அமைத்தால், கண்ணாடியும் கருவிகளும் பிடிக்கும் இடம் போக 65 லிட்டர் காலியாக இருக்கும்.

மின்சாரம் நின்றதும் என்ன நடக்கிறது? மேலேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், அந்தக் குழாயே சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை நீரைப் பின்னோக்கி இழுக்கும்: 16 லிட்டர். மேல்தொட்டி நீர் வழிந்து விழும் வழிபெட்டியில் நின்ற நீர் 6 லிட்டர், குழாய்களில் இருந்தது 2 லிட்டர். மொத்தம் 24. சம்பில் தாராளமாக இடம் இருக்கிறது. அதே வாயை, நீரோட்டம் நன்றாக வரட்டும் என்று 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் கணக்கு 62 லிட்டராகிவிடும். சம்ப் விளிம்பு தொட்டு நிற்கும். சைஃபனை முறிக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிச் சின்னத் துளை போடுவது வழக்கம். ஆனால் சுண்ணப்பாசியோ சிறு நத்தையோ அந்தத் துளையை எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். துளையை நம்பாமல் வாயின் ஆழத்தை நம்புவதே சரி. நீரைப் பின்னோக்கி விடாதபடி குழாயில் மாட்டும் என்.ஆர்.வி. வால்வுக்கும் இதே குறை உண்டு: ஒரு மணல் துணுக்கு மாட்டினாலும் அது முழுதாக மூடாது.

அடுத்தது வடிகால் அடைப்பு. பம்பு இருக்கும் கடைசி அறை 20 × 40 செ.மீ.; நீர் 18 செ.மீ. ஆழம்; மட்டம் 6 செ.மீ.-க்கு இறங்கியதும் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கும் என்றால், அது மேலே தள்ளக்கூடியது 9.6 லிட்டர் மட்டுமே. அதனால் மேல்தொட்டியின் மட்டம் 1.8 செ.மீ. ஏறும். அங்கே 4 செ.மீ. காலியிடம் இருப்பதால் வழியாது. கடைசி அறையை வேண்டுமென்றே சிறிதாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

நீர் இறங்கும் வழி

மேல்தொட்டியின் மூலையிலோ பின்சுவரிலோ ஒரு வழிபெட்டி ஒட்டப்படுகிறது. அதன் மேல்விளிம்பு சீப்புப் பல்போல வெட்டப்பட்டிருக்கும். நீர் மேற்பரப்பிலிருந்து மட்டுமே உள்ளே விழ வேண்டும். கொழுப்பு, புரதம், உணவுத்துகள் எல்லாம் மேற்பரப்பில்தான் படலமாகச் சேர்கின்றன. பல் எவ்வளவு நீளமாக ஓடுகிறதோ, அவ்வளவு மெல்லிய படலமாக நீர் வழிந்து, மேற்பரப்பு சுத்தமாகும்.

பெட்டியின் அடியில் இரண்டு துளைகள் போட்டு டேங்க் நிப்பிள் பொருத்தப்படுகிறது. ஒன்று முதன்மை வடிகுழாய்: முழுக்க நீர் நிரம்பிச் சைஃபனாக ஓடும்படி, சம்புக்கு மேலே ஒரு கேட் வால்வு வைத்து ஓட்டத்தைச் சீர்செய்வார்கள். காற்று கலக்காமல் இறங்குவதால் சத்தம் இருக்காது. மற்றது அவசரக் குழாய்: அதன் வாய் சில செ.மீ. உயரத்தில் வெறுமனே நிற்கும். முதன்மைக் குழாய் அடைத்தால் நீர் ஏறி இதற்குள் விழும். விழும் சத்தமே வீட்டாருக்கு எச்சரிக்கை. அவசரக் குழாயில் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. பால் வால்வு கால் திருப்பில் திறந்து மூடிவிடும். நுட்பமாகச் சீர்செய்யக் கேட் வால்வுதான் வசதி. அது பி.வி.சி.-யாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் பித்தளை வால்வைக் கடல்நீரில் போட்டால் செம்பு கரைந்து வரும். மீன் தாங்கும் அளவுச் செம்பே இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரும்புத் திருகு, விசிறியின் செம்புக் கம்பி எதிலும் நீர் பட்டுச் சம்புக்குள் சொட்டக் கூடாது.

சம்ப் வழியே எவ்வளவு நீர் ஓட வேண்டும்? மேல்தொட்டியின் கொள்ளளவைப்போல மணிக்கு 4 மடங்கு போதும்: நமது கணக்கில் சுமார் 1,000 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தை மேல்தொட்டிக்குள் வைக்கும் அலைப்பம்புகள் தரும். அந்த வேலையைச் சம்பின் மேல் சுமத்தினால் சத்தமும் குமிழியும் மின்கட்டணமும்தான் மிஞ்சும். பம்பின் அட்டையில் போட்டிருக்கும் கொள்திறன், நீரை உயர்த்தாமல் அளந்தது. 1.2 மீட்டர் உயர்த்தும்போது, எல்போவும் யூனியனும் தரும் தடையும் சேர்ந்து, அது பாதியளவுக்குக் குறைந்துவிடலாம். எனவே மணிக்கு 2,000 லிட்டர் என்று எழுதிய பம்பே தேவைப்படும்.

முதல் அறை: கசடும் நுரையும்

சம்பின் முதல் அறைக்கு 35 செ.மீ. நீளம். வடிகுழாயின் வாயில் 200 மைக்ரான் துளையுள்ள வடிபை தொங்குகிறது. உணவுத்துகள், மீன் எச்சம், பாசித்துணுக்கு இவற்றைப் பிடிப்பது அதன் வேலை. பிடித்ததை வெளியேற்றாவிட்டால் பை வெறும் அழுகுமிடமாகிவிடும்: சிக்கிய கசடு அதிலேயே சிதைந்து நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீருக்குத் திரும்பும். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை பையை மாற்றித் துவைக்க முடியாதவர், பையே வைக்காமல், நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவியான ஸ்கிம்மரை நம்புவது மேல்.

ஸ்கிம்மர் கடல்நீரின் ஒரு தனித்தன்மையைப் பயன்படுத்துகிறது. நன்னீரில் காற்றுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். கடல்நீரில் உள்ள உப்பு அயனிகள் அந்தச் சேர்க்கையைத் தடுப்பதால், ஒரு மி.மீ.-க்கும் சிறிய குமிழிகள் கோடிக்கணக்கில் நிலைத்து நிற்கின்றன. புரதம், கொழுப்பு முதலான மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். வெறுக்கும் முனையைக் காற்றுக்குள் நீட்டி அவை குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேலேறி, நுரையாகித் திரண்டு, கோப்பையில் பழுப்புத் திரவமாக விழுகிறது. அலையடிக்கும் நாளில் மணப்பாடு கரையில் ஒதுங்கும் நுரை உருவாவதும் இதே முறையில்தான். சிதைந்து அம்மோனியா ஆவதற்கு முன்பே பொருளை வெளியே எடுத்துவிடுவது ஸ்கிம்மரின் சிறப்பு. கூடவே நீருக்கு ஆக்சிஜனும் ஏற்றுகிறது.

இந்தக் கருவிக்கு நீர்மட்டம் மாறவே கூடாது. ஒரு செ.மீ. ஏறினால் கோப்பையில் வெறும் நீர் வழியும். இறங்கினால் நுரை கோப்பைக்கு எட்டாது. அதனால்தான் ஸ்கிம்மர் முதல் அறையில் வைக்கப்படுகிறது: அந்த அறையின் மட்டத்தை 23 செ.மீ. உயரமுள்ள தடுப்புக் கண்ணாடி நிர்ணயிக்கிறது, ஆவியாதல் அதைத் தொடுவதில்லை. வாங்கும் ஸ்கிம்மர் 18 செ.மீ. ஆழம் கேட்டால், அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு அக்ரிலிக் மேடை வைத்தால் போதும்.

இரண்டாம் அறை: பாக்டீரியாவும் பாசியும்

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. கடல்நீரின் பி.ஹெச். 8.2-ஐ ஒட்டியிருப்பதால், நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடுதலாக இருக்கும். ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒட்டிக்கொள்ளப் பரப்பும் வேண்டும். மேல்தொட்டியின் பாறையோடு, இந்த அறையில் அடுக்கும் துளையுள்ள பீங்கான் கட்டிகளும் அந்தப் பரப்பைத் தருகின்றன. கட்டியின் உட்புறத்தில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வேறு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். வேலை நடப்பது நீர் மெதுவாக ஊடுருவும் துளைக்குள். கட்டிகளின் மேல் கசடு மூடினால் அது நின்றுவிடும்.

மீதமுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி எடுத்துக்கொள்ளும். 22 செ.மீ. நீளமுள்ள இரண்டாம் அறையில் கம்பிச்சுருள்போல வளரும் கீட்டோமார்ஃபா பாசியை மிதக்கவிட்டு மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு மாட்டுவது உலகெங்கும் உள்ள முறை. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் இதே வேலையைச் செய்யக்கூடியதே. மேல்தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவில் இந்த விளக்கு எரிய வேண்டும். இருட்டில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளிவிட்டு பி.ஹெச்.-ஐ இறக்கும் நேரத்தில், பாசி அதை உறிஞ்சி இறக்கத்தைக் குறைக்கிறது. பாசி வளர்ந்ததும் ஒரு பகுதியை அறுத்து வெளியே எடுத்தால்தான் சத்துகள் தொட்டியைவிட்டு நீங்கும். அறுத்ததை ஆற்றிலோ கடலிலோ விடக் கூடாது, செடிக்கு உரமாக்கலாம். தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளத்தின் மேல் படர்ந்த அனுபவம் நம் கண்முன் இருக்கிறது.

குமிழித் தடுப்பும் கடைசி அறையும்

விழும் நீரும் ஸ்கிம்மரும் உண்டாக்கும் நுண்குமிழிகள் பம்புக்குள் போனால், மேல்தொட்டி முழுக்க மணல் தூவியதுபோல் தெரியும். இதைத் தடுக்க மூன்று கண்ணாடிகள் அடுத்தடுத்து நிற்கின்றன: முதலாவதன் மேலாக நீர் வழிகிறது, நடுக் கண்ணாடியின் அடியில் புகுகிறது, மூன்றாவதன் மேலாக மறுபடி வழிகிறது. கீழ்நோக்கிப் போகும் இடைவெளியில் குமிழி மேலேறித் தப்பிக்க வேண்டும். தப்புமா என்பதை வேகம் சொல்லும். மணிக்கு 1,000 லிட்டர் என்றால் நொடிக்கு 278 கன செ.மீ. அகலம் 40 செ.மீ.; இடைவெளி 2.5 செ.மீ. என்றால் நீர் நொடிக்கு 2.8 செ.மீ. வேகத்தில் இறங்கும். 0.2 மி.மீ. குமிழி மேலேறும் வேகமோ நொடிக்கு 1.5 முதல் 2 செ.மீ. மட்டுமே, நீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் நீரின் வேகம் 1.4 ஆகக் குறைந்து குமிழி தப்பிவிடும். இரண்டு இடைவெளிக்குமாக 10 செ.மீ. போகிறது. அறைகள் 35, 22, 10, 20. தடுப்புக் கண்ணாடிகள் நான்கின் தடிமன் சேர்த்து 90 செ.மீ. சரியாகிறது.

தடுப்புகளின் உயரம் 23, 22, 20 என்று படிப்படியாக இறங்க, பம்பு அறையில் நீர் 18 செ.மீ.-ல் நிற்கிறது. சம்பில் எங்கே நீர் குறைந்தாலும் மட்டம் இறங்குவது இந்த அறையில் மட்டுமே. உப்பின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடியும் இதுதான்.

சூடும் ஆவியும்

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி ஏற்றது. 30-ஐத் தாண்டிச் சில வாரம் நீடித்தால், தன் திசுவில் வாழும் நுண்பாசியை அது வெளியேற்றி வெளிறிவிடும்; மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் நடந்தது அதுதான். பாளையங்கோட்டையில் மே மாத மதியம் 38 டிகிரியைத் தொடும்போது, வீட்டுக்குள் உள்ள தொட்டியும் தானாக 31, 32-க்குப் போய்விடும்.

மலிவான தீர்வு சம்பின் மேல் வீசும் சிறு விசிறி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 300 லிட்டர் நீரை 2 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பமும் அதே அளவுதான். விசிறி எதுவரை குளிர்விக்கும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. 37 டிகிரி வெப்பமும் 35 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஆவியாதல் கொண்டுபோகக்கூடிய அடிமட்டம் சுமார் 25 டிகிரி. 33 டிகிரியும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள கடலோரக் காற்றில் அது 29-க்குக் கீழே போகாது. தொட்டி இந்த அடிமட்டத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுவதால், தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வெயில்காலத்துக்கு விசிறி பொருந்துகிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர் வீடுகளுக்கு, நீரைக் குளிரூட்டும் கருவியான சில்லர் தவிர்க்க முடியாதது. சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைத்தால், அது வெளிவிடும் சூட்டையே திரும்ப இழுத்துக் குளிர்விக்கப் போராடும். வெளியே, காற்றோட்டத்தில் வைக்க வேண்டும்.

பம்பு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. 50 வாட் பம்பு ஒரு நாளில் தரும் சூட்டைப் போக்க 1.8 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். 25 வாட் டி.சி. பம்பு வாங்கினால் அதில் பாதி மிச்சம்.

ஆவியாகும்போது நீர் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கோடையில் ஒரு நாளைக்கு 6 லிட்டர் போனால் 300 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 35.7-க்கு ஏறும், பம்பு அறையின் மட்டம் 7.5 செ.மீ. இறங்கும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். ஆகவே மிதவை சென்சரும் சிறு பம்பும் கொண்ட தானியங்கி நிரப்பி அவசியம். அதற்கு நன்னீர் தரும் தொட்டி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சர் சிக்கி 10 லிட்டரும் இறங்கிவிட்டாலும் உப்பு 34-க்கு அருகே நிற்கும், உயிர்கள் தாங்கிக்கொள்ளும். மாடியில் உள்ள டேங்கிலிருந்து நேராகக் குழாய் கொடுத்தால், ஒரு மிதவைக் கோளாறு முழுத் தொட்டியையும் நன்னீராக்கிவிடும்.

எந்த நீர்

திருநெல்வேலிக் குழாயில் வருவது பெரும்பாலும் தாமிரபரணியின் மணற்படுகைக் கிணறுகளில் ஊறிய நீர். பொதிகையின் கடினப்பாறைகள் எளிதில் கரையாதவை என்பதால் அந்த நீர் மென்மையானது. பல தெருக்களின் போர்வெல் நீரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மூன்று பொருள்கள் அதில் உண்டு: குளோரின், வயலும் ஊரும் சேர்க்கும் சத்துகள், பாறையிலிருந்து வரும் சிலிக்கா. சிலிக்காவைக் கொண்டு டயாட்டம் என்ற நுண்பாசி ஓடு கட்டிக்கொள்ளும். புதுத்தொட்டியின் மணலில் படரும் பழுப்புப் படலம் அதுவே. ஆர்.ஓ. கருவி இவற்றில் பெரும்பகுதியை நீக்கும். எஞ்சியதை அயனி நீக்கும் ரெசின் முடிக்கும். வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் சுவைக்காகக் கொஞ்சம் கச்சா நீரைத் திரும்பக் கலக்கும் திருகும், தாது சேர்க்கும் குப்பியும் இருக்கும். அவற்றுக்கு முன்பே, மெம்பரேன் தாண்டியதும் குழாயைப் பிரித்து நீரை எடுக்க வேண்டும்.

உப்புக்குத் தூத்துக்குடி உப்பளத்துப் பொதி உதவாது. கடல்நீர் பாத்தியில் சுண்டும்போது முதலில் சுண்ணக்கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும் படிகின்றன. அடுத்த பாத்தியில் சமையலுப்பு படிகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்புநீரில் தங்கிவிடுகின்றன. ஆகையால் வாரியெடுத்த உப்பில் பவளம் எலும்பு கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. அடர்த்தி சரியாக வரும். கலவை தவறாக இருக்கும். தொட்டிக்கென்றே தயாரித்த கலவையுப்பு வாங்கலாம். அல்லது திருச்செந்தூர், மணப்பாடு பக்கத்துக் கடல்நீரைக் கேனில் கொண்டுவந்து, இரண்டு வாரம் இருட்டில் தெளியவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை, தாமிரபரணி புன்னக்காயலில் கலங்கிய வெள்ளத்தைக் கடலில் தள்ளும் நாட்களில், நீர் எடுக்காமல் இருப்பதே நல்லது. எப்படி வந்தாலும் இலக்கு ஒன்றுதான்: உப்பு 35, கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி., மக்னீசியம் 1,300 மி.கி. அளவில்.

மின்சாரம் போனால்

பம்பு நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.8 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 6.2 மட்டுமே. சூடான நீரில் மீனும் பாக்டீரியாவும் வேகமாக மூச்சு வாங்கும். மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடியது சுமார் 1,000 வாட்-மணி. எல்லாக் கருவிகளையும் அதில் மாட்டினால் அரை நாள்கூடத் தாங்காது. மேல்தொட்டியில் 10 வாட் அலைப்பம்பு ஒன்றை மட்டும் மாட்டினால் 100 மணி நேரம் ஓடும். மேற்பரப்பு கலங்கினால் ஆக்சிஜன் கரையும். அதனால் அலைப்பம்புக்கு முதலிடம், சம்பின் பம்புக்கு இரண்டாமிடம், விளக்குக்கும் ஸ்கிம்மருக்கும் இடமே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நான்கு நாளுக்குத் திட்டமிடுவது இங்கே மிகையல்ல. இன்வெர்ட்டரும் பிளக் பாயிண்டுகளும் சம்பின் விளிம்புக்கு மேலே, பக்கச் சுவரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன் கீழே தொங்கி ஏறினால், வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புநீரில் கை வைக்கக் கூடாது.

ஓட்டிப் பார்த்தல்

சம்பை ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, அசெட்டிக் வகைச் சிலிகானே ஏற்றது. குளியலறைக்கு விற்பதில் பெரும்பாலும் மருந்து இருக்கும். 40 செ.மீ. உயரத்துக்கு 6 மி.மீ. கண்ணாடி போதும். ஸ்கிம்மரை வெளியே எடுக்கச் சம்புக்கு மேலே அதன் உயரத்துக்கு இணையான காலியிடம் ஸ்டாண்டில் இருக்கிறதா என்று கண்ணாடி வெட்டுமுன் அளந்துகொள்ள வேண்டும். வெளியே எடுக்க முடியாத ஸ்கிம்மரை யாரும் கழுவுவதில்லை.

சிலிகான் காய ஒரு வாரம் விட்டு, முதலில் வெறும் குழாய்நீரால் நிரப்பி ஓட்ட வேண்டும். வால்வைத் திருகி, அவசரக் குழாயில் நீர் விழாத நிலைக்குக் கொண்டுவந்தபின் மூன்று சோதனைகள். ஒன்று, பம்பு பிளக்கைப் பிடுங்கி, நீர் இறங்கி நிற்கும்வரை காத்திருந்து, சம்பின் மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட வேண்டும். இரண்டு, சைஃபன் துளையை விரலால் அடைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். மூன்று, முதன்மை வால்வை முழுதாக மூடி, அவசரக் குழாய் முழு ஓட்டத்தையும் ஏற்கிறதா என்றும், அதையும் துணியால் அடைத்தால் மேல்தொட்டி வழியாமல் பம்பு காற்றை இழுத்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றிலும் தரை உலர்ந்திருந்தால் நன்னீரை வடித்துவிட்டுக் கடல்நீர் நிரப்பலாம்.

அதன் பிறகு பாக்டீரியா பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம். அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் தோன்றும். முதலிரண்டும் பூஜ்யத்தில் நின்ற பின்பே முதல் மீன். தொடர்ந்து செய்ய வேண்டியவை குறைவு: வாரத்துக்கு இருமுறை வடிபையும் ஸ்கிம்மர் கோப்பையும், மாதம் ஒருமுறை பாசி அறுப்பும் பம்பு அறையின் அடிக்கசடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவை நீக்குவதும். ஒவ்வொரு முறை பம்பைத் திரும்ப மாட்டியதும் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கும் முதல் சோதனையைச் செய்து, நீர் பழைய கோட்டைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.